செம்பருத்தி எண்ணெயும் தாத்தாவின் வாயும்

விஷாலினி,

சோறு குக்கரில் இருக்கிறது, மீன்கறியைச் சூடு பண்ணிக்கொள். உன் தாத்தா பாகான் நக்கோடா ஓமார் மீனவக் கிராமத்துக்கு பஸ் ஏறப் போகிறார்.

நேற்று பள்ளி கேன்டீன் டே விற்பனையில் நீங்கள் பிள்ளைகளாகக் காய்ச்சிய செம்பருத்தி எண்ணெய் விற்காமல் கிடந்தது. மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. "வீட்டு சிமெண்டுத் தரையில் சிந்திடுச்சு, அங்கேயும் முடி முளைச்சு வாரா வாரம் வெட்டுறோம் லா" என்று முகம் மாறாமல் அளந்துவிட்டார். சனம் சிரித்துக்கொண்டே வாங்கியது.

மீன்பிடிக்கிற அழகேசன் மட்டும் சிரிக்கவில்லை. புற்றுநோய் மருந்தில் அவர் மகளுக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டதாம். "நிஜமா முளைக்குமா ஐயா?" என்றார். "தாத்தா, சும்மா சொன்னேன்னு சொல்லுங்க" என்று நீ சட்டையை இழுத்தாய். சுற்றிலும் கூட்டம். கிழவர் 'ஆமாம்' என்று தலையாட்டிவிட்டார். அந்த மனிதர் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

நீ கோபித்துக்கொண்டு படுத்தது நியாயம்தான். அங்கே படகு ஜெட்டி பக்கம் வீடு என்று அழகேசன் சொன்னார்; உன் தாத்தா விசாரித்துப் போய் உண்மையைச் சொல்லிவிடுவார்.

— தாத்தா

டீச்சர் கேட்டால், எண்ணெய் எங்களுடையது, பொய் தாத்தாவுடையது என்று சொல்.

சாவி செருப்பு ராக்கில்.

அந்த மகளே வந்து கதவைத் திறந்தால்? விடிந்ததிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறார். இத்தனை கதை அளந்த வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை.