அரசுக்குச் சொந்தமான காதல் கடிதம்

பிப்ரவரி 3

மறைந்த தலைவரின் வீட்டிலிருந்த தாள்களையெல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. அரசு முத்திரை இருந்தால் அது அரசுக்குத்தான் சொந்தம், சட்டம் அப்படி. அவருடைய கோப்புகளைப் புரட்டிப் புரட்டி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. எல்லாவற்றிலும் அவர் எழுதியது ஒரே சொல்: ‘சரி’. அணை கட்டலாமா? சரி. கட்டிய அணையை இடிக்கலாமா? சரி.

பிப்ரவரி 9

தலைவரின் மனைவி வந்தார். துணி அலமாரியில் இருந்து நாங்கள் அள்ளிவந்ததில், மணநாளுக்குத் தலைவர் எழுதிய கடிதமும் சேர்ந்து வந்துவிட்டதாம்.

“ஆயுசுக்கும் அவர் எனக்கு எழுதினது அது ஒண்ணுதாம்மா. குடுத்துடு.”

கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இயக்குநர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “முத்திரை இருக்கே?”

காதலைக்கூடவா முத்திரைத் தாளில் எழுதுவார் ஒரு மனிதர்! சொந்தக் கடிதமா, அலுவல் கடிதமா என்று விசாரணை வைப்பார்களாம். கடிதத்தை உறையிலிட்டுப் பூட்டிவிட்டார். அலுவல்தான் என்பதற்கு ஆதாரம் தேடுவது என் தலையில் விழுந்தது.

பிப்ரவரி 17

ஆதாரம் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

கோப்பின் பெயர் ‘தலைவரின் மனைவிக்கு மணநாள் வாழ்த்து’. வரைவு எழுதியவர் ஓர் உதவியாளர்! நிதித்துறை: “‘ஆயிரம் முத்தங்கள்’ — செலவினம் ஏதுமில்லை எனில் ஆட்சேபணை இல்லை.” பாதுகாப்புத்துறை: “‘நீ இல்லாமல் நான் இல்லை’ — பதவி காலி என்று வதந்தி பரவலாம்.” சட்டத்துறை: “‘என்றென்றும் உன்னுடன்’ என்பதைப் ‘பதவிக்காலம் முழுவதும் உன்னுடன்’ எனத் திருத்தலாம்.”

கடைசிப் பக்கம் வழக்கம்போல் காணோம். அதில் ‘சரி’யைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது?

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் அந்த அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. ஐயோ, இதை அவங்ககிட்ட எப்படிக் காட்டுறது?

பிப்ரவரி 18

‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் காப்பகத்தில் யாரும் சந்தேகப்படாத ஒரே வாக்கியம்.

பிப்ரவரி 20

இயக்குநரைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். “நம்மகிட்ட இல்லன்னா என்ன? சட்டத்துறையில ஒரு பிரதி இருக்குமே!”

போச்சு.

மார்ச் 2

விசாரணை. இத்தனை துறைகள் ஒப்பமிட்ட காதல் எப்படிச் சொந்த விஷயமாகும்? கடிதம் அரசுக்கே என்று தீர்ப்பு.

விதிப்படி அம்மாவிடம் சட்டத்துறைப் பிரதியை நீட்டினார்கள். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ‘வரைவு: உதவியாளர்’ என்ற இடத்தில் முகம் சுருங்கிவிட்டது. பிறகு, எங்களிடம் இல்லாத அந்தக் கடைசிப் பக்கம். சட்டத்துறையின் ‘பதவிக்காலம் முழுவதும்’ திருத்தத்துக்குக் கீழே தலைவர் தன் கைப்பட எழுதியிருந்தார்: ‘முடியாது.’ அடிக்கோடு வேறு.

“வீட்டுலயும் எல்லாத்துக்கும் சரி சரின்னுதான் சொல்லுவார். இப்படி ஒரு வார்த்தை அவர் வாயில வந்து நான் கேட்டதே இல்ல,” என்றார் அம்மா.

அவர் சிரித்தாரா அழுதாரா, தெரியவில்லை. நான் அழுதேன்.

மார்ச் 16

அம்மா வாசகர் அட்டை வாங்கிவிட்டார். இப்போதெல்லாம் கடிதத்தைக் கேட்பதில்லை, தீர்ப்போடு எங்கள் காப்பகத்துக்கு வந்துசேர்ந்த சட்டத்துறைக் கோப்பைத்தான் கேட்கிறார். கடைசிப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இன்று மூடும் நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. இயக்குநர் என்னை அனுப்பினார்.

“அம்மா, நேரமாச்சு. கோப்பைக் குடுத்துடுறீங்களா?”

நிமிர்ந்து பார்த்தார்.

“முடியாது.”

சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு நானும் எதிரே உட்கார்ந்தேன்.