இடது கன்னத்து மச்சம்

அன்பு மருமகள் நர்மதாவுக்கு, வியாசர்பாடியிலிருந்து உன் தாய்மாமன் பீம்ராவ் எழுதுவது. ஜெய்பீம். இங்கே எல்லாரும் நலம். உன் கன்னத்துப் புண் ஆறிவிட்டதா?

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ கோயம்புத்தூரில் உன் சித்தப்பன் டில்லிபாபு வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறாய் என்றதும், "அந்தச் சித்தப்பன் நம்ம புள்ள மூஞ்சிலயே கை வெப்பான் பாரு" என்றேன். உன் அம்மா சிரித்தாள். போனில் பேசினால் அவன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பான். அதனால்தான் கடிதம்.

முகம் துடைக்கும்போதெல்லாம் மச்சம் உரசி ரத்தம் வந்ததாம். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய பிளேடால் தோல் மட்டத்துக்குச் சீவிவிட்டார்களாம். தையல்கூட இல்லையாம். சீவியதைப் பரிசோதித்து, பயமில்லை என்றும் சொல்லிவிட்டார்களாம். அதுவரை சந்தோஷம். ஆனால் உன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டது அவனாம். இப்போது வீடியோவில் உன்னைக் காட்டி, "எங்க அண்ணன் மூஞ்சி அப்பிடியே கீது" என்கிறான். மாமனுக்கும் மருமகளுக்கும் ஒரே இடத்தில் மச்சம் என்று பேசின ஊர் இது.

சரி, உனக்கில்லாத மச்சம் எனக்கெதற்கு? தண்டையார்பேட்டையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். ஹார்பரில் இரும்பு சுமந்த உடம்பு, ஊசியே வேண்டாம், அப்படியே சீவுங்கள் என்றேன். ஆடிப்போய்விட்டார். "உங்களுது வேர் விட்டு உள்ள எறங்கிடுச்சு, இத சீவ இந்த ஊர்ல பிளேடு இல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வெயிலில் அலையாதே. களிம்பு போடு. உன் கல்யாணத்துக்கு இன்னும் நாளிருக்கிறது, தழும்பு மங்கிவிடும்.

நர்மதா, டாக்டரம்மா கும்பிடவெல்லாம் இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஐயா, இது மச்சம் இல்ல, பச்சை குத்தினது" என்றார். நீ பிறந்தபோது அந்த மச்சம் யார் ஜாடை என்று எல்லாரும் தேடினார்கள். யாரிடமும் இல்லை. நான் ராயபுரத்தில் பச்சை குத்தும் அம்மாவிடம் போய் அதே இடத்தில் வைத்துக்கொண்டேன். உன் அம்மாவுக்குத் தெரியும். என்னிடமிருந்து உனக்கு வந்தது என்று ஊரெல்லாம் சொன்னேன். உன்னிடமிருந்துதான் எனக்கு வந்தது.

டில்லிபாபுவிடம் மட்டும் சொல்லாதே. நீ நன்றாக இருப்பாய், கண்ணு. கல்யாண மேடையில் யாராவது தாய்மாமன் எங்கே என்று கேட்டால், இனிமேல் நீயே என்னைக் கைகாட்டு.

உன் மாமன்,
பீம்ராவ்