பெர்த் கிடைத்தது, சந்தோஷம்

ராயபுரம்,
12-8-1951

என் மாமாவுக்கு, உங்கள் குணசுந்தரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் அனைவரும் நலம் என்று தொடங்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை, எழுதவில்லை.

பம்பாயிலிருந்து நீங்கள் கொடுத்த தந்தி செவ்வாய்க்கிழமை வந்தது. இங்கிலீஷ் தந்தி. மரக்கடை குமாஸ்தா எத்திராஜ் அண்ணனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். அவர் தெருவே கேட்க வாசித்து, பம்பாயில் பெர்த் கிடைத்தது, சந்தோஷம், விவரம் பின்னால் என்றார். பெர்த் என்றால் பிறப்பாம். ஒரு எழுத்து இடிக்கிறது, தந்தி ஆபீசில் மாற்றி அடித்துவிட்டார்கள் என்று அதற்கும் சமாதானம் சொன்னார். ஆக, பம்பாயில் உங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது!

நான் நிறைமாதம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை, உங்களைப் பெற்ற வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டு பச்சையம்மா, “இன்னாடி, உனுக்கு முன்னாடி அவ பெத்துக்கினாளா? நல்லா செவப்பா கீறாளாமா?” என்று விசாரித்தாள். நான் உங்களைத் திட்டிய திட்டை எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைத் தொடமாட்டார்.

சாயங்காலம் சவரிநாதன் அண்ணன் வந்தார். உங்களோடு ரங்கூன் கப்பலில் வேலை பார்த்தவர்தான். தந்தியைப் பார்த்துவிட்டு, “ஐய, இது வேற பெர்த்தும்மா. கப்பல்ல வேல, படுக்க எடம், அத்தான் சொல்றான். பொறப்புக்கு எழுத்தே வேற” என்றார். நம் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது. தெருவே சிரித்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் காப்பி போட்டார். நானும் சிரித்தேன்.

பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. பம்பாய்க்காரி பொய். நீங்கள் வரப்போவதில்லை என்பது நிஜம். பிரசவத்துக்கு முன்னால் ரயில் ஏறிவிடுவேன் என்று போன மாதம் எழுதினீர்களே, அது எங்கே போயிற்று? நீங்கள் செய்யாத தப்புக்குத் திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். செய்த தப்புக்கு இப்போது திட்டுகிறேன்.

குடும்பத்துக்காகத்தான் என்பீர்கள். முதல் பிள்ளை பிறந்து ஒரே வாரத்தில் கண்ணை மூடியபோது நீங்கள் எந்தக் கடலில் இருந்தீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. கடல் என்று விலாசம் எழுதித் தபாலில் போட முடியுமா? நீங்கள் வந்து சேர்ந்தபோது தொட்டில் சேலையைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். நீங்கள் அதைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

எத்திராஜ் அண்ணனும் சவரிநாதன் அண்ணனும் பெர்த்துக்குத்தான் வேறு வேறு அர்த்தம் சொன்னார்கள். சந்தோஷம் என்ற வார்த்தைக்கு இரண்டு பேரும் ஒரே அர்த்தம்தான் சொன்னார்கள். அதில் எழுத்து ஒன்றும் மாறவில்லையாம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கப்பல் ஏறும்வரை அந்த வேலை வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதாம், சவரிநாதன் அண்ணன் சொன்னார். கேட்டுப் பாருங்கள். அத்தைக்குக் கால் வீக்கம் வடியவில்லை. மழைக்குப் பின்சுவர் ஊறிக்கிடக்கிறது. இதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன்.

வலி எடுக்க இன்னும் அதிக நாள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட அத்தைதான் சொன்னார். இந்தத் தடவை நானே சொல்லிக் கூப்பிடுவேன், யார் என்ன நினைத்தாலும் சரி. மாரியாத்தா உங்களைக் கைகால் சுகத்தோடு வைக்கட்டும். கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் வந்து நில்லுங்கள்.

கோபம் தீராத,
குணசுந்தரி