இன்னும் சின்னதாக்கு, பாப்பா

அண்ணா,

இன்று காலை கண் மருத்துவமனையில் என் வலது கண்ணை மூடி ஒட்டிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஓர் இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஓர் ஒளிப்புள்ளி மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். பாதியிலேயே நர்ஸ் பெண் நிறுத்திவிட்டாள். "இன்னாம்மா நீங்க, புள்ளியே வராதப்ப அமுக்கிகினே கீறீங்க? தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. இல்லன்னா ரிசல்ட் தப்பா வரும்."

என் மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. திட்டு வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணில் பிரஷர் என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். "கூடப் பிறந்தவங்க யாருக்காவது இருந்துச்சா?" என்று கேட்டபோது "அண்ணனுக்கு" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

உனக்கு முதலில் ஓரங்கள்தான் போயின. தாம்பரம் பிளாட்பாரத்தில் எதிரே வருகிறவர்களின் தோளில் இடித்துக்கொள்வாய். ஆளுக்குத் திமிர் என்று நினைத்தார்கள். அம்மாவே ஒருநாள் "வானத்தைப் பாத்துகிட்டு நடந்தா அப்படித்தான்" என்றாள். அதுவும் நியாயம்தான். சின்ன வயதிலிருந்தே மொட்டை மாடியில் ஏறி, தலைக்கு மேல் சுற்றும் பயிற்சி விமானங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நீ. குரோம்பேட்டைக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தாய். தாளின் ஓரத்தில் இருந்த அளவுகளை நீ விட்டுவிட்டு வரைய ஆரம்பித்ததும் அவர்கள் மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. போன பார்வை வராது, இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டு முடிந்தவரை காப்பாற்றலாம் என்றார்கள்.

இருக்கிறதை வைத்து நீ என்ன செய்தாய்? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் ஒரு துண்டு உலோகத்தைத் தூக்கி வந்தாய். பழைய போர் விமானத்தின் வால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஃபோர்க். பார்வைக்கு சைக்கிளின் முன் ஃபோர்க் போலத்தான் இருந்தது, ஆனால் குட்டையாய், தடியாய். விற்ற ஆள் "பிளேன் சாமான் சார், ஒரிஜினல், வூட்ல வச்சா கெத்தா இருக்கும்" என்று சொன்னதாகச் சிரித்தாய். வேலை போனவன் வாங்கிவரும் சாமானா இது என்று நான் கத்தினேன். நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் நான் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்த காலம் அது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் விட்டுப்போன ஃப்ளாப்பிகளில் வரைபடம் போடும் சாஃப்ட்வேர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். இந்த ஃபோர்க்கைத் திரையில் அப்படியே கட்ட வேண்டும். அந்த விமானத்தின் பழுதுபார்க்கும் கையேட்டிலிருந்து யாரோ எடுத்த ஒரு ஜெராக்ஸ் பக்கம் உன்னிடம் இருந்தது. அதிலுள்ள அளவில் சக்கரத்தையும் கட்டி, ஃபோர்க்குக்குள் உட்கார வைக்க வேண்டும். "முழு பிளேன் வேணாம் பாப்பா. இந்த ஒரு சக்கரம் உக்காந்து, அத மொத்தமா ஒருதரம் பாத்துட்டேன்னா போதும்" என்றாய். முப்பது வயதிலும் நான் உனக்குப் பாப்பாதான்.

வெர்னியர் அளவுகோலின் பற்களை உலோகத்தோடு ஒட்டி இறுக்குவது உன் விரல்கள். கோடுகளைப் படிப்பது என் கண்கள். நான் எண்களைத் தட்டுவேன், நீ அடுத்த இடத்துக்கு நகர்வாய். ஃபோர்க் அழகாக வந்தது. சக்கரமும் வந்தது. இரண்டையும் சேர்த்தபோது சக்கரம் ஃபோர்க்கின் இடது கையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது.

மறுபடி அளந்தோம். மறுபடி கிழித்தது. எத்தனை ஞாயிறுகள் அப்படிப் போயின! உன் விரல் நடுங்குகிறது என்று நான் சொன்னேன், எனக்கு எண் படிக்கத் தெரியவில்லை என்று நீ சொன்னாய். ஒருநாள் வெர்னியரை மேசைமேல் வீசிவிட்டு அழுதாய். "கண்ணு போவுது, சரி. கையும் பொய் சொன்னா நான் இன்னா பண்றது?" ஆறுதல் சொல்லத் தெரியாமல் "காப்பி வாங்கியாரட்டா?" என்று கேட்டேன்.

ஃபோர்க்கின் இடது கை லேசாக உள்பக்கம் சாய்ந்திருப்பது நமக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு நீயே ஒரு காரணமும் சொல்லி வைத்திருந்தாய். புரொப்பெல்லர் சுற்றும் வேகத்தில் விமானம் ஒரு பக்கம் இழுக்குமாம். அதைச் சரிக்கட்டத்தான் வெள்ளைக்காரன் வாலில் இப்படி வளைத்து வைத்திருக்கிறானாம். "மனுஷன் தப்பா அளப்பான். இரும்பு தப்பா இருக்காது" என்பாய். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அந்தச் சாய்வையும் விடாமல் அளந்து அளந்து போட்டோம்.

அந்த நாட்களில்தான் அம்மா உன்னைத் திருநீர்மலைக்கு இழுத்துப் போனாள். ரங்கநாதரை ஒருதரம் கண்ணாரப் பார்த்துவிடு என்று அவள் ஆசை. என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினாய். தீபம் காட்டியபோது பள்ளிகொண்டவரின் முகத்தைப் பார்த்தாய். பிறகு தலையைத் திருப்பிக் கையைத் தேடினாய், பிறகு பாதத்தை. பாதத்துக்கு வந்தபோது முகம் போய்விட்டது. உன் பார்வை ஒரு குழாய் அளவுக்கு வந்துவிட்டிருந்தது. இறங்கும்போது மெதுவாகச் சொன்னாய்: "பெருமாள் பெருசா படுத்துகினு கீறார் பாப்பா. கொஞ்சம் சின்னதானாத்தான் எனக்கு மொத்தமா தெரிவார்." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் தவறு எங்கே என்று கண்டுபிடித்தவன் நீதான். கடையில் நான் வேறு ஏதோ அடித்துக்கொண்டிருக்க, ஃபோர்க்கை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாய். திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்து, என் கட்டைவிரலை ஃபோர்க்கின் இடது கைக்கு அடிப்பக்கம் வைத்து அழுத்தினாய். நகத்தில் மெல்லிய சுருக்கங்கள் இடறின. கண்ணுக்குத் தெரியாத அளவு, புடவை மடிப்பு போல.

"இது டிசைன் இல்ல பாப்பா. அடி. எவனோ ஒரு பைலட் வால தட்டுனு தரையில எறக்கியிருக்கான். இத்தன மாசமா நாம அவன் பட்ட அடிய அளந்துகினு இருந்திருக்கோம்."

பிறகு அந்தச் சுருக்கங்களை மறுபடி தடவிக்கொண்டே, "அவன் பொழச்சிருப்பான்ல?" என்று கேட்டாய். "வால்ல தானே அடி, பொழச்சிருப்பான்" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

ஃபோர்க்கின் வலது கை பழுதில்லாமல் இருந்தது. அதைக் கண்ணாடியில் காட்டுவதுபோல் அப்படியே திருப்பி இடது பக்கம் போடச் சொன்னாய். கம்ப்யூட்டருக்கு ஒரே கட்டளைதான். போட்டுவிட்டுச் சக்கரத்தை நகர்த்தினேன். எங்கும் கிழிக்காமல், இரண்டு பக்கமும் சமமாக இடம் விட்டு, சக்கரம் உள்ளே உட்கார்ந்தது. நான் கூவியதில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நீ மட்டும் கூவவில்லை. முகத்தைத் திரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு அலைந்தாய். ஒரு கோடு தெரிந்தது, ஒரு வளைவு தெரிந்தது. "மொத்தமா தெரியல. சின்னதாக்கு." ஆக்கினேன். திரை மறுபடி வரைந்து முடிக்கும்வரை காத்திருந்தோம். "இன்னும் சின்னதாக்கு." தீப்பெட்டி அளவு வந்தது. "இன்னும்." தபால்தலை அளவு. அதற்கு முந்தின மாதமென்றால் இந்த அளவே போதுமாக இருந்திருக்கும். பாழாய்ப்போன அந்த அடியை நாம் கொஞ்சம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். "இன்னும் சின்னதாக்கு, பாப்பா." என் கண்ணீரில் எனக்கே திரை தெரியவில்லை. அரிசி அளவுக்குக் கொண்டுவந்தேன். அதில் ஃபோர்க் ஏது, சக்கரம் ஏது? கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி.

அப்போதுதான் கரண்ட் போனது.

திரை அணைந்தது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. கம்ப்யூட்டரின் இரைச்சல் நின்றது உனக்கும் கேட்டிருக்கும், கேட்காமல் இருக்காது. நீ முகத்தை எடுக்கவில்லை. "ஆங்... தெரியுது" என்றாய். "சக்கரம் உக்காந்துடுச்சு பாப்பா. மொத்தமா தெரியுது."

அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது, "அதான் பாத்தாச்சே" என்று வரவில்லை. பிறகு வந்த இருட்டில் சில வருஷங்கள் இருந்தாய். அந்த ஃபோர்க்கைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தாய். ஒரு விடியலில் காப்பியோடு வந்த அம்மா எழுப்பினாள், நீ எழுந்திருக்கவில்லை. நாம் வரைந்ததைப் போட்டுவைத்த ஃப்ளாப்பி எப்போதோ பூசணம் பிடித்துப் போய்விட்டது. ஃபோர்க் இப்போது என்னிடம் இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு அந்தச் சுருக்கங்களைத் தடவிப் பார்க்கிறேன், பழகிக்கொள்வது நல்லது என்று. பயமாக இருக்கிறது அண்ணா.

அன்று நீ யாருக்காக அப்படிச் சொன்னாய் என்று இத்தனை வருஷமாக எனக்குள் ஒரு கேள்வி. அழுதுகொண்டிருந்த எனக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

நர்ஸ் பெண் மறுபடி உள்ளே கூப்பிட்டாள். கண்ணை ஒட்டினாள், மோவாயைத் தூக்கிச் சரியாக வைத்தாள், பட்டனைக் கையில் கொடுத்தாள். இருட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில், அரிசி அளவில், உன் சக்கரம் ஃபோர்க்குக்குள் உட்கார்ந்திருந்தது. அமுக்கினேன்.

"அம்மா," என்றாள் அவள், "நான் இன்னும் மெஷினையே போடலமா."