ரெனிஷாவின் பிளஸ் ஒன் புத்தகம்

ரெனிஷா மக்கா,

மரச்சீனிக் கிழங்கு அவிச்சு மூடி வச்சிருக்கேன். மீன்கறியும் உண்டு. முதல்ல தின்னு.

உன் கம்ப்யூட்டர் புத்தகம் தொலையல. நேத்து "பொறுப்பில்லாதவ"ன்னு உன்னை ஏசும்போதும் அது என் பைக்குள்ளதான் கிடந்தது. முகம் பாத்துச் சொல்ல வெட்கமா இருக்கு.

துணிக்கடை வேலையை விட்டுட்டு புரோகிராமிங் படிக்கேன்னு ஊரெல்லாம் சொன்னவன் நான், இங்கிலீஷ் வீடியோ ஒண்ணும் மண்டையில ஏறலன்னு யாருட்ட சொல்ல? "அச்சுதான் கிளாஸ், அதுல சுடுற ஒவ்வொரு அச்சுமுறுக்கும் ஆப்ஜெக்ட்"னு நீ ஓரத்தில பென்சில்ல எழுதியிருந்தியே, அதுலதான் புரோகிராமிங்ல வர்ற கிளாஸும் ஆப்ஜெக்டும் என்னன்னு எனக்கு விளங்கிச்சு.

புத்தகம் உன் மேசையில இருக்கு. நாளைக்கு நானே பள்ளிக்கூடத்துக்கு வந்து, எடுத்தது நான்தான்னு டீச்சர்ட்ட சொல்லுதேன்.

அப்பா

பி.கு: அடுத்த பாடத்து ஓரம் வெறுமையாக் கிடக்கு. விளக்கம் எழுதினாலும் சரி, என்னை ஏசி எழுதினாலும் சரி, வாசிப்பேன்.