செல்லாது என்று நீங்கள் தள்ளிய சாமான்

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அக்கா ஏதோ இருக்கிறாள். உங்கள் மகள் பொன்மாரி லேத் பட்டறையை மூடவிடாமல் ஆள் வைத்து நடத்துகிறாள். பட்டறைக்கு எதிரே சார்ஜ் போட்டு ஓட்டுகிற ஸ்கூட்டருக்கு ஷோரூம் வந்திருக்கிறது. சத்தமில்லை, புகையில்லை. நீங்கள் இருந்திருந்தால் தினமும் அவர்களை நாலு வார்த்தை வையாமல் கடையைத் திறந்திருக்க மாட்டீர்கள்.

பழைய வண்டிப் பந்தயம் இந்தப் பங்குனியிலும் நடந்தது. பசுவந்தனைப் பக்கம் அதே வறண்ட கண்மாய்க்குள்தான். வெடித்துக் கிடந்த கரிசலை டிராக்டர் விட்டு மட்டப்படுத்தியிருந்தார்கள். கயத்தாறு, கழுகுமலை என்று எல்லாப் பக்கமிருந்தும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. இந்த முறை கோப்பை உங்கள் பெயரில். நுழைவாசலில் மாலை போட்டு உங்கள் படம். படத்திலும் நீங்கள் எவனுடைய இன்ஜினையோ குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே தெரியும். உங்களுக்குத் தெரியாததை எழுதவில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த வண்டி ஓடலாம், எது ஓடக்கூடாது என்று விதி எழுதியவர் நீங்கள். இன்ஜினிலிருந்து கார்புரேட்டர் வரை, அந்த மாடலுக்கு அன்றைக்குக் கம்பெனி போட்டதே இருக்க வேண்டும். பிந்தைய மாடல் சாமான் ஒன்று இருந்தாலும் செல்லாது. தள்ளிய சாமானைச் சொந்தக்காரனே கழற்றி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் பரிசோதனை மேசையில் ஒப்படைக்க வேண்டும். பந்தயம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். இதுவும் உங்கள் ஏற்பாடுதான்.

நீங்கள் என்னைத் தள்ளிய வருஷம், என் வண்டி உங்கள் வண்டியை விட வேகமாக ஓட ஆரம்பித்திருந்தது. பழைய கார்புரேட்டர் தேய்ந்துபோய், எங்கு தேடியும் கிடைக்காமல், அடுத்த மாடலில் வந்த வாய் பெரிய கார்புரேட்டரை மாட்டியிருந்தேன். மறைக்கவில்லை. நானே உங்களிடம் சொன்னேன். ஊரே சுற்றி நிற்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"ஏலே, செல்லாதுன்னா செல்லாது. சாமான் கிடைக்கலன்னா வண்டிய வீட்டுல நிப்பாட்டு. மச்சினன்னு விட்டா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?"

கழற்றி மேசையில் வைத்தேன். அன்றைக்கு நீங்கள் ஜெயித்தீர்கள். சாயங்காலம் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் விட்டீர்கள். "அவியளே வச்சுக்கிடட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில்கூட நாம் ஒரே பந்தியில் உட்காரவில்லை. அக்கா நமக்கு நடுவில் மாட்டிக்கொண்டு எவ்வளவு அழுதாள் என்று உங்களுக்குத் தெரியுமா? ஆனால் ஒன்று சொல்கிறேன். எவ்வளவு கோபத்திலும் உங்களை நான் மதித்தேன். கறாரான ஆள், சொந்தக்காரன் என்றும் பார்க்காத ஆள் என்று என் வாயாலேயே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதுதான் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கடைசியில் நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது என் கையைப் பிடித்தீர்கள். "எனக்குப் பெறவு மேசையில நீதாம்ல உக்காரணும். வேற எவன் உக்காந்தாலும் மூஞ்சியப் பாத்து விட்டுருவான்" என்றீர்கள். நான் உருகிவிட்டேன், அத்தான். பைத்தியக்காரன் மாதிரி அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

உட்கார்ந்தேன். முதல் வண்டியாக உங்கள் வண்டியைத்தான் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உங்கள் மகள் ஓட்டப் போகிறாள் என்று கூட்டமே கை தட்டியது. தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "பாருங்க மாமா" என்று சிரித்தாள். நீங்கள் சிரிக்கிற மாதிரியே சிரித்தாள். குனிந்து பார்த்தேன்.

என் கார்புரேட்டர்.

வாய் பெரிய அதே அடுத்த மாடல் சாமான். மிதவைக் கிண்ணத்தின் ஒரு காது உடைந்ததற்கு நான் செய்து போட்ட பித்தளைப் பட்டை அப்படியே இருந்தது. பக்கவாட்டில் 'சு' என்று என் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்திருந்தேன். அந்த இடத்தை மட்டும் அரம் போட்டு ராவி வழவழப்பாக்கியிருந்தீர்கள். 'வச்சுக்கிடட்டும்' என்று சொன்னேனே, அதை நம்பித்தான் எடுத்துக்கொண்டீர்கள் என்று உங்களுக்காக நானே வாதாடிப் பார்த்தேன். அப்படியென்றால் எழுத்தை ஏன் ராவினீர்கள்?

எத்தனை பந்தயம் அதில் ஜெயித்தீர்கள்? யாருமே பார்க்கவில்லையே. எப்படிப் பார்ப்பார்கள்? பரிசோதிக்கிறவர் வண்டியைப் பரிசோதிக்க எவனுக்குத் தைரியம் வரும்?

"என்ன மாமா பாக்குதீங்க?" என்றாள் பொன்மாரி.

"கார்புரேட்டர் செல்லாது, தாயி" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. கோப்பை கொடுக்கிற தீப்பெட்டிக் கம்பெனி அண்ணாச்சி ஓடி வந்தார். "செத்தவிய வண்டிப்பா. இந்த ஒரு வருசம் விட்டுருவோமே" என்றார். விடவில்லை. பின்னாலிருந்து எவனோ சத்தமாகவே சொன்னான், "காத்திருந்து பழி தீத்துட்டான்."

பொன்மாரி முகம் சிவந்துவிட்டது. "எங்க அப்பா படத்துக்கு முன்னாலயே அவியள அசிங்கப்படுத்துதீங்களா மாமா? நல்லா இருங்க" என்றாள். ஸ்பேனரை என் கையிலிருந்து பிடுங்கி அவளே கழற்றினாள். மேசையில் வைக்கப்போனவள் அந்த வழவழப்பான இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். "இங்கன என்னத்தையோ ராவியிருக்கே" என்றாள். அவள் என் முகத்தையே பார்த்தாள். என் வாழ்க்கையில் யார் கண்ணுக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் கேட்டிருக்கிறாள். அக்கா மழுப்பவில்லை. என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவிய சாமானும் தேஞ்சு போச்சுலே. எங்க தேடியும் கிடைக்கல. ஒரே ஒரு பந்தயத்துக்கு மட்டும்னு சொல்லித்தான் உன்னோடத மாட்டுனாவ. ஜெயிச்சாவ. பெறவு கழத்த மனசு வரல. ராவும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன்."

இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன் என்று அக்கா அழுதாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. சாமான் கிடைக்கவில்லை என்றால் வண்டியை வீட்டில் நிறுத்து என்று எனக்குச் சொன்னீர்களே. உங்களுக்கு யார் சொல்வார்கள் என்று இருந்துவிட்டீர்களா? என்னிடம் வந்து கேட்டிருக்கக் கூடாதா, அத்தான்? கொடுத்திருப்பேன். விதியை மாற்றுவோம், இரண்டு பேரும் ஓட்டுவோம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே உங்கள் தோளில் கை போட்டிருப்பேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. என்னை ஏன் அந்த மேசையில் உட்கார வைத்தீர்கள்? நான் கண்டுபிடிப்பேன் என்று தெரிந்துதானா? வாயால் சொல்ல முடியாததை என் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று விட்டீர்களா? இல்லை, மச்சினன் பார்த்தாலும் மூடிவிடுவான் என்று கணக்குப் போட்டீர்களா? முதலாவதாக இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. நிச்சயமாகச் சொல்ல நீங்கள் இல்லை.

பொன்மாரி உங்கள் மகள் என்பதை மறுநாள் காட்டினாள். அந்தக் கார்புரேட்டரை மாட்டிய பிறகு நீங்கள் வாங்கிய கோப்பைகளை அக்காவிடம் கேட்டுப் பிரித்தெடுத்து, சாக்கில் கட்டிக்கொண்டுபோய் அண்ணாச்சி வீட்டில் இறக்கிவிட்டு வந்தாள். பிறகு என்னிடம் வந்தாள். "உங்களத்தான ஊர் ஏசுது. அப்பாவுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க மாமா. பந்தய மலர்ல போடச் சொல்லுதேன். எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். வேண்டாம் தாயி, செத்தவருடைய பேர் கெடும் என்றேன். "அப்ப உங்க பேரு?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மாடலுக்கு வந்த சரியான கார்புரேட்டரைக் கழுகுமலையில் ஒரு பால்காரருடைய ஓடாத வண்டியில் கண்டுபிடித்துவிட்டாள். அவளே பிரித்துக் கழுவிக்கொண்டிருக்கிறாள். என்னுடையதை நான் என் வண்டியில் திரும்ப மாட்டிவிட்டேன். ராவிய இடத்தில் மறுபடியும் 'சு' கீறியாயிற்று. அது இன்றைக்கும் செல்லாது. பந்தயத்துக்கு நான் கொண்டுபோகப் போவதும் இல்லை.

அடுத்த பங்குனியில் பொன்மாரி வண்டியை நான்தான் பார்ப்பேன். அன்றைக்கு என் வண்டியை நீங்கள் பார்த்தீர்களே, அப்படியே தரையில் படுத்துப் பார்ப்பேன். ஒரு திருகு தப்பாக இருந்தாலும் விடமாட்டேன். சரியாக இருந்தால், அவள் ஜெயித்து வரும்போது உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று கை வலிக்கத் தட்டுவேன். அவளுக்காகத் தட்டுவேன், அத்தான். உங்களுக்கு இல்லை.

ஊர் முன்னால் நீங்கள் தள்ளிவிட்ட,
உங்கள் மச்சினன்
சுடலை