மேடையில் நீட்டிய விரல்

இன்று காலை உன் தங்கை எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்தாள். நாலாக மடித்த துண்டுச் சீட்டு ஒன்றை மேசைமேல் வைத்தாள். பள்ளி விவாத மேடைக்காகக் குலுக்கலில் எடுத்தது. 'எல்லோருக்கும் ஒரே நுழைவுத் தேர்வு: வேண்டாம்' என்று எழுதியிருந்தது. தலைப்பை மாற்றக்கூடத் துப்பில்லை நாம் படித்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு.

பன்னிரண்டாம் வகுப்பில் நமக்கும் இதே தலைப்புதான். உனக்கு 'வேண்டாம்' சீட்டு, எனக்கு 'வேண்டும்'. அந்தத் தேர்வில் எனக்குத் துளி நம்பிக்கையும் கிடையாது. ஆனால் கோப்பைமேல் கண் இருந்தது.

"ஓட்டப் பந்தயத்துல கோடு எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். ஆனா நாங்க காத்திவாக்கத்துலேர்ந்து ஓடியாந்துதான் அந்தக் கோட்டாண்டயே நிக்கணும்" என்றாய். மேடையேறினாலும் நம் பேச்சை விடமாட்டாய் நீ. கைத்தட்டல் அடங்கவே இல்லை. நடுவர் மட்டும் 'மொழிநடை' என்ற கட்டத்தில் உனக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

தோற்றுவிடுவேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. உன் பக்கம் விரலை நீட்டினேன். "வலை பின்னும் வீட்டில் பிறந்த இதோ இந்தப் பெண், இதே தேர்வை எழுதி மருத்துவராவாள். விடைத்தாளுக்கு அவள் யார் வீட்டுப் பெண் என்று தெரியாது!" என்று முழங்கினேன். அரங்கமே உன்னைத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் உன் நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோப்பை எனக்கு.

இறங்கி வரும்போது நீ கேட்டது இவ்வளவுதான்: "பாயிண்ட்டெல்லாம் சோக்கா கீதுடி. என்னை எதுக்குடி காட்ன?"

நீ ஆசைப்பட்டது நர்சிங். அன்றிலிருந்து குப்பமே உன்னை 'டாக்டரம்மா' என்றது. நர்சிங்கில் இடம் கிடைத்தும் உன் நைனா விடவில்லை. "உன்னால முடியும்னு அந்தப் பொண்ணே மேடையில சொல்லிச்சே" என்றார். இரண்டு முறை எழுதினாய், இரண்டு முறையும் இடமில்லை. மூன்றாவது முறைக்காக, விடிந்தும் விடியாமலும் சைக்கிளில் திருவொற்றியூர் பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த உன்னைக் கன்டெய்னர் லாரி அடித்தது.

சாவு வீட்டில் உன் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒருத்திதாம்மா அவமேல நம்பிக்கை வெச்சே" என்று அழுதார்.

இன்று நான் சொன்ன பாயிண்ட்டையெல்லாம் குறித்துக்கொண்டு உன் தங்கை கடைசியில் கேட்டாள். "க்கா, எங்கக்கா கதைய எடுத்துவுட்டா கப்பு எனக்குத்தான். சொல்லட்டா?"

"வேணாம்டி. அவளைக் காட்டாதே."

"ஏன்க்கா?"

முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டை எடுத்துக்கொண்டு, வைத்த டீயைத் தொடாமல் போய்விட்டாள். இந்நேரம் உன் நைனாவுக்கும் தெரிந்திருக்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்தானோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

அவரும் நீ கேட்டதையேதான் கேட்பார். அன்று உனக்கு நான் பதில் சொல்லவில்லை. கோப்பைக்காகத்தான்டி.